விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வீட்டு நெட்வொர்க்கில் கோப்புப் பகிர்வு நின்றுபோனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதையொட்டிப் பல வீட்டுக் கணினிகள் விண்டோஸ் 11க்கு, அதிலும் 24எச்2 பதிப்புக்கோ அதற்கு அடுத்த பதிப்புக்கோ மாறின. மாறிய கையோடு வந்த புகார்கள் ஏறக்குறைய ஒரே வகையானவை: மாடியறைக் கணினியில் உள்ள குடும்பப் படங்கள் மடிக்கணினியில் திறக்கவில்லை, ரூட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை, டிவியில் படம் ஓடவில்லை. அத்தகைய வீடுகளுக்காக எழுதப்பட்டவை இங்குள்ள பதில்கள். அலுவலக நெட்வொர்க்குகளுக்கு இவை பொருந்தா.

நேற்று வரை இயங்கிய பகிர்வு, அப்டேட் முடிந்த மறுநாள் ஏன் நின்றுபோகிறது?

அப்டேட் எதையோ கெடுத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில், இத்தனை காலம் கேள்வி கேட்காமல் அனுமதித்துவந்த சில பழைய வழக்கங்களை விண்டோஸ் இப்போது மறுக்கத் தொடங்கியிருக்கிறது என்பதே உண்மை. இதைப் புரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சமாகும். கெட்டுப்போன ஒன்றைத் தேடி அலைவதை விட்டு, மறுக்கப்படுவது எது என்று பார்க்கத் தொடங்குவோம்.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. அதன் முதல் பதிப்பான எஸ்எம்பி1, 1980களில் பிறந்தது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கிய வானாக்ரை என்ற தீநிரல், இந்த எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தும் பலர் அதை நிறுவியிருக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 படிப்படியாக ஓரங்கட்டப்பட்டது. விண்டோஸின் ஹோம், ப்ரோ வகைகளைப் புதிதாக நிறுவிய கணினிகளில் அது பதினைந்து நாள் பயன்படாமல் கிடந்தால் தானாகவே நீங்கிவிடும்.

2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு இன்னும் சில கதவுகளைச் சாத்தியது. ப்ரோ, எஜுகேஷன், எண்டர்பிரைஸ் ஆகிய வகைகளில், போகும் இணைப்பானாலும் வரும் இணைப்பானாலும் எஸ்எம்பி தரவுகள் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இயல்பு நிலையாயிற்று. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் முன்பே இருந்த இன்னொரு கட்டுப்பாடு, அதாவது பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் விருந்தினராக நுழைவதற்கான தடை, ப்ரோ வகைக்கும் வந்தது. என்டிஎல்எம் என்ற அடையாளச் சரிபார்ப்பின் முதல் பதிப்பு முற்றிலும் நீக்கப்பட்டது. ஹோம் வகையில் கையொப்பக் கட்டாயமும் விருந்தினர் தடையும் இல்லை. ஒரே வீட்டில் ஒரு மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க் திறப்பதும், அருகிலிருக்கும் மற்றொன்றில் திறக்காததும் பலரைக் குழப்புகிறது. பெரும்பாலும் முதலாவது ஹோம், இரண்டாவது ப்ரோ.

சோதனையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

திரையில் வந்த பிழைச் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள். எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். ஐந்தாறு அமைப்புகளை மாற்றிய பின் வரும் பிழைச் செய்தி, முதலில் இருந்த கோளாறைப் பற்றியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பிறகு, பகிரும் கணினியின் ஐபி முகவரியை அதன் நெட்வொர்க் செட்டிங்ஸில் பார்த்துக் குறித்துக்கொண்டு, மற்றக் கணினியில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடுகளுடன் அந்த முகவரியை இடுங்கள். எடுத்துக்காட்டாக: \\192.168.1.10

இப்போது என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். ஃபோல்டர்கள் திறந்துவிட்டால் பகிர்வில் கோளாறே இல்லை. கணினியின் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். நீண்ட நேரம் சுழன்று, பாதை காணப்படவில்லை என்று வந்தால், வழியில் ஏதோ தடுக்கிறது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, கொடுத்ததை ஏற்காமல் மீண்டும் மீண்டும் கேட்டால், அடையாளத்தில் சிக்கல். உள்ளே போன பிறகு குறிப்பிட்ட ஃபோல்டர் மட்டும் மறுத்தால், அந்த ஃபோல்டரின் உரிமைகளில் சிக்கல். இந்த நான்கில் எது என்று தெரியாமல் எந்தத் தீர்வையும் முயலாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி தம்மளவில் சரியானவையே. உங்களுடையது அல்லாத கோளாறுக்கு எழுதப்பட்டவை என்பதுதான் குறை.

மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையால் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் தராமலிருப்பது வழக்கம். ஆகவே பதில் வராததை வைத்துக் கணினி எட்டவில்லை என்று முடிவுகட்ட முடியாது. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் உள்ள டெஸ்ட் நெட்கனெக்‌ஷன் கட்டளையைக் கொண்டு 445ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. எஸ்எம்பி அந்தப் போர்ட் வழியாகத்தான் பேசுகிறது.

முகவரியை இட்டால் திறக்கிறது. ஆனால் ‘நெட்வொர்க்’ பகுதியில் கணினி தெரியவில்லை. ஏன்?

பழைய விண்டோஸ் பதிப்புகளில் அந்தப் பட்டியலைத் தயாரித்த சேவை, எஸ்எம்பி1ஐ நம்பி இயங்கியது. எஸ்எம்பி1 போனபோது அதுவும் போயிற்று. வீடுகளுக்கென்றே இருந்த ஹோம்குரூப் வசதியும் 2018இல் வந்த 1803 பதிப்பில் நீக்கப்பட்டது. இப்போது பட்டியல் வேறு முறையில் தயாராகிறது: பகிரும் கணினி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தானே அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைச் செய்வது ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சேவை. சர்வீசஸ் சாளரத்தில் அதைத் தேடி, தொடக்க வகையை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, இயக்கிவிட்டால் பல வீடுகளில் கணினி மீண்டும் பட்டியலில் வந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது, இதைப் பகிரும் கணினியில் செய்ய வேண்டும் என்பது. பலர் பார்க்கும் கணினியில் செய்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள்.

நாஸ் எனப்படும், நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் கோப்புச் சேமிப்புக் கருவிகளில் பழையவை பலவற்றுக்கு இந்த அறிவிப்பு முறையே தெரியாது. அவை பட்டியலில் ஒருபோதும் வாரா. ஆனால் முகவரியை இட்டால் நன்றாகவே திறக்கும். என் கருத்தில், இந்தப் பட்டியலுக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவழிப்பது வீண். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கருவிக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கி, அதை ஒரு டிரைவ் எழுத்தாக இணைத்துக்கொள்வதே நிலையான வழி.

நெட்வொர்க்கின் வகை ‘பப்ளிக்’ என்று மாறிவிட்டால் என்ன ஆகும்?

எல்லாமே நின்றுபோகும். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக் அல்லது பிரைவேட் என்று வகைப்படுத்துகிறது. பப்ளிக் என்றால் இரயில் நிலையத்து வைஃபையில் இருப்பதாகக் கருதிக்கொண்டு, மற்றக் கருவிகளின் பார்வையிலிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ, நெட்வொர்க் டிரைவர் மாறிய பிறகோ, ரூட்டரை மாற்றிய பிறகோ, உங்கள் வீட்டு வைஃபையே புதியதாகக் கருதப்பட்டு பப்ளிக் ஆகிவிடக்கூடும்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குள் சென்று, இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் பண்புகளில் பிரைவேட் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பகுதியில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதனுள் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் என்று போனால், பிரைவேட் நெட்வொர்க்குகளுக்கான நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்ற இரு பொத்தான்கள் இருக்கும். இரண்டும் இயங்கு நிலையில் இருக்க வேண்டும். இரண்டு கணினிகளிலும் பாருங்கள். வெளி நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால், அதற்கென்று தனி ஃபயர்வாலும் தனி வகைப்பாடும் இருக்கக்கூடும்; விண்டோஸில் பிரைவேட் ஆக்கிவிட்டு, ஆன்டிவைரஸில் பப்ளிக்காகவே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

80070035 என முடியும் எண்ணுடன், ‘நெட்வொர்க் பாதை காணப்படவில்லை’ என்று வருகிறது. வகை பிரைவேட்தான். இனி என்ன?

இரண்டு கணினிகளும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஃபைபர் இணைப்புடன் நிறுவனம் தரும் கருவியிலேயே வைஃபை இருக்கும். அது போதவில்லை என்று நாம் ஒரு ரூட்டரை வாங்கி அதன் பின்னால் இணைத்திருப்போம். ஒரு கணினி இதிலும் மற்றது அதிலும் இருந்தால், இணையம் இரண்டிலும் வரும்; கோப்புப் பகிர்வு மட்டும் நடக்காது. இரண்டு கணினிகளின் முகவரிகளையும் ஒப்பிட்டு, ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் காரணம் இதுவே. இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது தனி நெட்வொர்க்கை உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் முறைக்கு மாற்றுவதே சரியான தீர்வு. விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகளையும் ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் பிரித்தே வைக்கும்.

அது சரியாக இருந்தால், மறுமுனையில் இருப்பது எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பழைய கருவியாக இருக்கலாம். அதற்கும் பல நேரங்களில் இதே பிழை எண்தான் வரும். 2025 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, நெட்பயாஸ் என்ற பழைய நெட்வொர்க் முறை வழியாக எஸ்எம்பி1 பேசிவந்த பகிர்வுகள் அறுந்ததை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு, 445ஆம் போர்ட்டைத் திறந்துவிடும்படி இடைக்கால வழி சொன்னது. அப்டேட்டின் மீதே பழி போடத்தக்க சில நேர்வுகளில் அதுவும் ஒன்று.

‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள், அடையாளம் உறுதிசெய்யப்படாத விருந்தினர் அணுகலைத் தடுக்கின்றன’ என்ற பொருளில் செய்தி வருகிறது. வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்?

அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதிய வாசகத்தை வீட்டுக்கும் அப்படியே விட்டுவிட்டார்கள். உங்கள் கணினியை எந்த நிறுவனமும் கட்டுப்படுத்தவில்லை. விருந்தினர் நுழைவுக்கான தடையைத்தான் அது இப்படிச் சொல்கிறது.

நடப்பது இதுதான். உங்கள் நாஸோ ரூட்டரோ, தெரியாத பயனர்பெயர் எதுவானாலும் அதை விருந்தினராக ஏற்றுக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் ஒருபோதும் கடவுச்சொல் கொடுத்ததில்லை. அது கேட்டதும் இல்லை. வசதியாகத்தான் இருந்தது. ஆனால் கடவுச்சொல் இல்லாத இடத்தில், மறுமுனையில் இருப்பது உண்மையில் உங்கள் நாஸ்தானா, அதன் பெயரில் நடிக்கும் வேறு கருவியா என்று விண்டோஸால் அறிய முடியாது.

தீர்வு நாஸின் பக்கத்தில் இருக்கிறது. அதன் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, வீட்டாருக்கென்று ஒரு பயனரைக் கடவுச்சொல்லுடன் உருவாக்கி, வேண்டிய ஃபோல்டர்களுக்கு அந்தப் பயனருக்கு உரிமை கொடுத்து, விருந்தினர் நுழைவை அணைத்துவிடுங்கள். பிறகு விண்டோஸில் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே ஒருமுறை கொடுத்து, நினைவில் வைத்துக்கொள்ளும்படி குறியிட்டால் போதும். பத்து நிமிட வேலை.

கையொப்பம் செல்லாது என்ற பொருளில் வேறொரு பிழை வருகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. கையொப்பக் கட்டாயம் என்பது, போகும் வரும் ஒவ்வொரு செய்தியும் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கான சான்றைத் தாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அஞ்சல் உறையின் மீது இட்ட அரக்கு முத்திரையைப் போல, உள்ளே இருப்பதை அது மறைப்பதில்லை, பிரித்திருந்தால் காட்டிக்கொடுக்கும். நாஸின் மென்பொருளில் எஸ்எம்பி பிரிவின் மேம்பட்ட அமைப்புகளில் சர்வர் சைனிங் என்ற ஒன்று இருக்கும். அது முடக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள். அதே இடத்தில், குறைந்தபட்ச நெறிமுறை எஸ்எம்பி2 என்றும் அதிகபட்சம் எஸ்எம்பி3 என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையொப்பத்துக்கான சாவி, பயனரின் கடவுச்சொல்லிலிருந்து தொடங்கும் சரிபார்ப்பில்தான் உருவாகிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல்லே இல்லை. ஆகவே விருந்தினர் இணைப்பில் கையொப்பமிடவே முடியாது. ‘விருந்தினர் நுழைவை அனுமதிக்கும் அமைப்பை மாற்றினேன், அப்படியும் திறக்கவில்லை’ என்பவர்களின் சிக்கல் இதுதான். கையொப்பக் கட்டாயம் இருக்கும்வரை அந்த அமைப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இரண்டையும் அணைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் அல்லவா?

ஆகிவிடும். ப்ரோ வகையில் லோக்கல் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், நெட்வொர்க், லேன்மேன் ஒர்க்ஸ்டேஷன் என்ற வரிசையில் பாதுகாப்பற்ற விருந்தினர் நுழைவுக்கான கொள்கையை இயக்கலாம். பாதுகாப்பு விருப்பங்களில் கிளையன்ட்டின், அதாவது மற்றக் கருவியுடன் இணையப் போகும் பக்கத்தின், எப்போதும் கையொப்பமிடும் விதியை அணைக்கலாம். பழைய நாஸில் உள்ள கோப்புகளை வெளியே எடுத்துக்கொள்ளும் வரை, ஓரிரு நாளைக்கு இப்படிச் செய்வதில் தவறில்லை. எடுத்து முடித்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும்.

நிலையாக அப்படியே விடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வீட்டு நெட்வொர்க்கில் கணினிகள் மட்டும் இருந்த காலம் போயிற்று. கேமராக்கள், மின்விளக்குகள், பல ஆண்டுகளாக அப்டேட்டே பார்க்காத டிவிப் பெட்டிகள், உறவினர்களின் கைப்பேசிகள் எல்லாம் அதே வைஃபையில்தான் இருக்கின்றன. மடிக்கணினியானால் கூடுதல் சிக்கல்: அந்தத் தளர்வு வீட்டோடு நின்றுவிடாமல், நீங்கள் போகும் விடுதிக்கும் நூலகத்துக்கும் கூடவே வரும்.

ரூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகிய ஹார்டு டிஸ்க் வரவேயில்லை. எஸ்எம்பி1ஐ மீண்டும் நிறுவலாமா?

ரூட்டர்களில் கோப்புப் பகிர்வைச் செய்வது பெரும்பாலும் சாம்பா என்ற திறமூல மென்பொருள். 2008இல் சாம்பாவின் 3.2 பதிப்பு ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது, அதன் நிபந்தனைகளை விரும்பாத தயாரிப்பாளர்கள் பழைய 3.0 வரிசையிலேயே தங்கிவிட்டனர். எஸ்எம்பி2க்கு முழு ஆதரவு 2011இல் வந்த 3.6 பதிப்பில்தான் சேர்ந்தது. அதனால், பெட்டியில் வேகமான புதிய வைஃபை இருந்தாலும் உள்ளே எஸ்எம்பி1 மட்டும் பேசும் ரூட்டர்கள் நெடுங்காலம் விற்பனைக்கு வந்துகொண்டிருந்தன.

முதலில் ரூட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதன் உள் மென்பொருளைப் புதுப்பித்து, யுஎஸ்பிப் பகிர்வுப் பக்கத்தில் எஸ்எம்பி2 என்ற தெரிவு புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, எப்போதும் இயங்கும் ஒரு கணினியில் நேரடியாக இணைத்து, அங்கிருந்து பகிருங்கள். பழைய கணினியோ ராஸ்ப்பெர்ரி பை பலகையோ இருந்தால், லினக்ஸையும் இன்றைய சாம்பாவையும் நிறுவிப் பயன்படுத்தலாம், அதன் 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 இயல்பாகவே அணைந்திருக்கும்.

கோப்புகளை மீட்க வேறு வழியே இல்லாத நிலையில், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி1இன் கிளையன்ட் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். சர்வர் பகுதியைத் தொடவே வேண்டாம். வேலை முடிந்தவுடன் நீக்கிவிடுங்கள்.

கடவுச்சொல் சரிதான். ஆனாலும் மீண்டும் மீண்டும் கேட்கிறது. எந்தப் பயனர்பெயரைக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கக்கூடும்.

நீங்கள் தினமும் கணினியைத் திறக்கும் பின் எண், அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. நெட்வொர்க் வழியாக அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், பயனர்பெயராக அந்தக் கணக்கின் மின்னஞ்சல் முகவரியையும், கடவுச்சொல்லாக அந்தக் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். கேட்பது எந்தக் கணினியின் கணக்கு என்பதிலும் குழப்பம் வேண்டாம். கோப்புகளை வைத்திருக்கும் கணினியின் கணக்குத்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியுடையது அல்ல.

அமைத்த நாள் முதல் பின் எண்ணால் மட்டுமே திறக்கப்பட்டுவந்த கணினிகள் சிலவற்றில், சரியான மைக்ரோசாஃப்ட் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் மறுக்கப்படுகிறது. சைன் இன் ஆப்ஷன்ஸ் பகுதியில் விண்டோஸ் ஹலோவை மட்டும் அனுமதிக்கும் பொத்தானை அணைத்துவிட்டு, பகிரும் கணினியில் ஒருமுறை பின்னுக்குப் பதில் கடவுச்சொல்லால் நுழைந்தால் இது சரியாகிவிடுவதுண்டு.

கடவுச்சொல்லே இல்லாத உள்ளூர்க் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க: வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கைக் கணினியின் முன் உட்கார்ந்துதான் பயன்படுத்த முடியும் என்பது விண்டோஸின் இயல்பு விதி. நெட்வொர்க்கில் அந்தக் கணக்கு மறுக்கப்படும்.

அடுத்து, பழைய கடவுச்சொல் எங்கோ சேமிக்கப்பட்டிருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பிரிவில் அந்தக் கணினியின் பெயரிலும் முகவரியிலும் உள்ள பதிவுகளை நீக்கிவிட்டு, புதிதாகக் கொடுங்கள். பெயருக்குச் சேமித்தது முகவரிக்குப் பொருந்தாது. விண்டோஸ் இரண்டையும் வேறு வேறு கணினிகளாகவே கருதுகிறது.

இத்தனையும் பார்ப்பதற்குப் பதிலாக நான் சொல்லும் வழி: பகிரும் கணினியில், பகிர்வுக்கென்றே மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஓர் உள்ளூர்ப் பயனரை, நிர்வாகி உரிமை இல்லாமல், நல்ல கடவுச்சொல்லுடன் உருவாக்கிவிடுங்கள். பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள். டிவி ரிமோட்டில் தட்ட வேண்டியவர் நன்றி சொல்வார். மற்றக் கருவிகளில் கணினிப் பெயர், பின்சாய்கோடு, பயனர்பெயர் என்ற வரிசையில் கொடுத்தால் ஐயத்துக்கு இடமிருக்காது. அந்தப் பயனர் ஒருமுறைகூட அந்தக் கணினியில் நுழைந்திருக்கத் தேவையில்லை. வீட்டில் யார் தம் சொந்தக் கடவுச்சொல்லை மாற்றினாலும் பகிர்வு பாதிக்கப்படாது.

ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்பெயரில் ஒரே சர்வருடன் இணைய முடியாது என்கிறதே?

ஒரு கணினியுடன் ஒரே நேரத்தில் ஒரே அடையாளத்தில்தான் விண்டோஸ் பேசும். பழைய அடையாளத்தில் ஓர் இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. இணைத்த டிரைவ்களைத் துண்டித்துவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, புதிய பெயரில் நுழையுங்கள்.

இரண்டு விண்டோஸ் கணினிகளும் 2025 இறுதியிலிருந்து ஒன்றையொன்று ஏற்க மறுக்கின்றன. நாஸ் மட்டும் திறக்கிறது. காரணம் என்ன?

அவற்றில் ஒன்று மற்றதன் நகலா? ஒரு கணினியில் விண்டோஸை நிறுவி, அந்த வட்டை அப்படியே நகலெடுத்து இரண்டாவது கணினியில் போட்டிருந்தால், இரண்டுக்கும் எஸ்ஐடி எனப்படும் உள் அடையாள எண் ஒன்றாகவே இருக்கும். பல ஆண்டுகளாக விண்டோஸ் இதைப் பொருட்படுத்தவில்லை. 2025 ஆகஸ்ட் 29 அன்றும் அதற்குப் பின்னும் வெளியான அப்டேட்டுகள் இதைச் சரிபார்க்கத் தொடங்கின; ஒரே எண் உள்ள இரு கணினிகளுக்கிடையே சரிபார்ப்பு தோற்கிறது. கடவுச்சொல் சரியாக இருந்தும் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் எல்எஸ்ஏ சர்வர் என்ற மூலத்திலிருந்து 6167 என்ற நிகழ்வு எண் இருந்தால் ஐயமே வேண்டாம்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதை ஒதுக்கிவைத்தவர்களுக்கு இச்சிக்கல் இல்லை. நகலும் மூலமும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கணினிகளில் இயங்கினால்தான் சிக்கல். இரண்டில் ஒன்றில், கோப்புகளைப் பாதுகாப்பாக எடுத்துவைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் வீட்டுக்கு ஏற்ற தீர்வு. எண்ணை மாற்றித்தருவதாகச் சொல்லும் கருவிகளை நம்பிக் கணினியை ஒப்படைக்காதீர்கள்.

உள்ளே நுழைய முடிகிறது. ஆனால் ஃபோல்டர் மறுக்கிறது, அல்லது காலியாக இருக்கிறது.

மறுப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் காரணங்கள் வேறு.

ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இரண்டு உரிமைப் பட்டியல்கள் உள்ளன: பண்புகளில் ஷேரிங் என்ற தாளில் ஒன்று, செக்யூரிட்டி என்ற தாளில் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இவற்றில் எது கடுமையானதோ அதுவே செல்லும். பகிர்வில் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டியில் பெயரே இல்லாவிட்டால் மறுப்புத்தான் வரும். விண்டோஸை மேம்படுத்தாமல் புதிதாக நிறுவியிருந்தால், டி டிரைவில் உள்ள பழைய ஃபோல்டர்களின் செக்யூரிட்டித் தாளில் பெயர்களுக்குப் பதிலாக நீளமான எண் வரிசை தெரியும். அது இப்போது இல்லாத உங்கள் பழைய கணக்கு. ஃபோல்டரின் உரிமையாளரை இன்றைய கணக்குக்கு மாற்றி, பகிர்வுக்கென்று உருவாக்கிய பயனரையும் சேர்த்துவிடுங்கள். இதை அந்த ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் செய்து விண்டோஸையே முடமாக்கியவர்கள் உண்டு.

ஃபோல்டர் காலியாக இருந்தால் ஒன்டிரைவைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் 11ஐ அமைக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை ஒன்டிரைவில் காப்புப் பிரதியெடுக்க ஒப்புக்கொண்டால், அவை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறும். நீங்கள் பகிர்ந்தது பழைய பிக்சர்ஸ் ஃபோல்டரை. படங்கள் இருப்பது புதிய இடத்தில். பகிர்வுக்கென்று பயனர் ஃபோல்டர்களுக்கு வெளியே தனி ஃபோல்டர் ஒன்றை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

கணினிகளுக்கிடையே எல்லாம் சரி. டிவியும் கைப்பேசியும் மட்டும் மறுக்கின்றன.

இங்கே உங்கள் விண்டோஸ் கணினிதான் சர்வர். ப்ரோ வகையானால் வரும் இணைப்பிலும் கையொப்பம் கேட்கும். பழைய வீடியோ பிளேயர் செயலிகளுக்கு அது தெரியாது. செயலியைப் புதுப்பியுங்கள், பயனரை உருவாக்கிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். கடவுச்சொல் பாதுகாப்புள்ள பகிர்வை அணைத்தால் போதும் என்ற பழைய அறிவுரை இனிப் பயன்படாது. அதுவும் விருந்தினர் நுழைவுதான். செயலி எதற்கும் மசியாவிட்டால், டிவிக்குப் படம் அனுப்ப மட்டும் டிஎல்என்ஏ என்ற ஊடகப் பகிர்வு வழியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கணினியைத் திறந்ததும் இணைத்த டிரைவில் சிவப்புக் குறி இருக்கிறது, சொடுக்கினால் திறக்கிறது.

வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடியிருக்கிறது. தீங்கில்லை. உறுத்தினால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துப் பாருங்கள்.

கையொப்பத்தால் வேகம் குறையுமா?

கணக்கீடு கூடுவதால் கோட்பாட்டளவில் குறையும். வைஃபையில் பெரும்பாலும் உணரமாட்டீர்கள். கேபிளில் இணைத்த பழைய நாஸின் சிறிய செயலி திணறக்கூடும். அங்கே வேறுபாடு தெரியலாம்.

எதுவும் பலிக்கவில்லை. அப்டேட்டையே நீக்கிவிடலாமா?

புதிய பதிப்புக்கு மாறிய முதல் பத்து நாள்களுக்குள் செட்டிங்ஸின் ரெக்கவரி பகுதியிலிருந்து முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடியும். அதன் பிறகு அந்தப் பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். மாதாந்தர அப்டேட்டை, அப்டேட் வரலாற்றுப் பக்கத்திலிருந்து தனியாக நீக்கலாம். ஆனால் முந்தைய பதிப்பு விண்டோஸ் 10 என்றால், திரும்பிப் போகும் இடத்துக்கு இலவசப் பொது ஆதரவு இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டே பிழை என்று ஒப்புக்கொண்ட கோளாறானால், அப்டேட்டை நீக்கிவிட்டு, திருத்தம் வரும்வரை சில வாரங்களுக்கு நிறுத்திவைப்பது நியாயமானது. அத்தகையவற்றை விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த் என்ற பக்கத்தில் பதிப்பு வாரியாக வெளியிடுகிறார்கள்; அங்கே தேடிவிட்டு முடிவெடுங்கள். காரணம் விருந்தினர் நுழைவோ எஸ்எம்பி1ஓ கையொப்பமோ என்றால், நீக்கிப் பயனில்லை. அடுத்த அப்டேட்டுடன் அதே மறுப்பு திரும்ப வரும். அந்த நேரத்தை நாஸில் ஒரு பயனரை உருவாக்குவதற்குச் செலவிடுங்கள்.